உலூருவின் வழிகாட்டிகள்



வழிகாட்டி என்பவர் யார்? புதிதாய் வந்தோர்க்குக் காணத்தக்கவற்றைக் காட்டி, அவற்றின் வரலாற்றை எடுத்துரைப்பவர் என்பீர்கள். அவ்விடை சரியே, ஆயினும் நிறைவானதன்று. எதைக் காட்டலாகாது, எதைச் சொல்லலாகாது என்று அறிந்திருப்பதும் வழிகாட்டியின் கடமையாகும். இதனை நடு ஆஸ்திரேலியாவிலுள்ள உலூரு என்னும் பெரும்பாறையில் தெளிவாகக் காணலாம்.

பாலைநிலத்தின் நடுவே 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் செந்நிற மணற்பாறை அது. 1873ஆம் ஆண்டில் அங்குச் சென்ற நில அளவையாளர் வில்லியம் காஸ், அதற்கு ஹென்றி ஏயர்ஸ் என்னும் அரசியல் தலைவரின் பெயரைச் சூட்டினார். ஆனால் அனங்கு என்னும் பழங்குடி மக்களுக்கு அது என்றும் உலூருவே. 1985ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அந்நிலவுரிமை அவர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதனைத் தேசியப் பூங்காவிற்காக 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டனர்.

அம்மக்கள் தம் நிலம் என்னும்போது மண்ணை மட்டும் கருதுவதில்லை. நீர்ச்சுனை, புல், விலங்கு, முன்னோர் யாவும் அதனுள் அடங்கும். இவற்றையெல்லாம் பிணைக்கும் நெறிக்கு ஜுக்குர்ப்பா என்று பெயர். வழிகாட்டி முட்புல்லிலிருந்து பிசின் எடுத்து, நெருப்பில் இளக்கிப் பசையாக்கும் முறையை விளக்குவார். முட்டிஜுலு என்னும் நீர்ச்சுனையருகே நின்று, குனியா என்னும் மலைப்பாம்புப் பெண், தன் உறவினனைத் தாக்கிய லிரு என்னும் நச்சுப்பாம்போடு பொருத கதையைக் கூறுவார். அப்போரின் அடையாளங்கள் இவை எனப் பாறையிலுள்ள வடுக்களையும் சுட்டுவார்.

அதற்குமேல் வினவினால் அவர் பேசாதிருக்கலாம். அனங்கு சிறுவர்க்குச் சொல்லும் அளவே விருந்தினர்க்கும் சொல்லப்படும். ஆடவர்க்குரிய செய்திகள் வேறு, பெண்டிர்க்குரியன வேறு. சில இடங்களைப் புகைப்படம் எடுத்தலும் ஆகாது. நெடுங்காலம் கரும்பலகையின் முன் நின்றவன் நான். வினாவிற்கு விடையளிப்பதே ஆசிரியன் கடமை என்று பயிற்சி பெற்றவன். எனினும், அவ்வழிகாட்டியின் மௌனம் அறியாமையன்று. உரிமையறிந்த அடக்கம் என்றே கருதுகிறேன்.

பாறைமீது ஏறவேண்டா என அம்மக்கள் பல்லாண்டுகள் வேண்டினர். மாலா என்னும் முன்னோர் சென்ற புனித வழி அது. மேலும், ஏறும் முயற்சியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்துள்ளனர். தம் நிலத்திற்கு வந்த விருந்தினர் மாண்டால், அத்துயரம் தம்மைச் சாரும் என்பது அவர்கள் கொள்கை. இறுதியில், 2019ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் ஏறுவழி நிலையாக மூடப்பட்டது. ஏறும் வழி அடைந்ததேயன்றி, வரவேற்பு நிற்கவில்லை. இன்றும் அடிவாரத்தைச் சுற்றி நடக்கலாம், அங்கே கேட்டறியலாம்.

நாளை நீங்களும் பிறர் நிலங்களுக்குச் செல்வீர்கள். காலடி வைக்குமுன் அனுமதி கேளுங்கள், சொன்னதைச் செவிமடுங்கள், சொல்லாததைத் துருவாதீர்கள். விருந்தினர்க்கு இதுவே அழகு.