கால் பெருவிரல் வலி: காரணம் அறிந்தபின் வைத்தியம்

தேவதானப்பட்டி, பெரியகுளம் வட்டாரங்களில் வயலிலும் மாந்தோப்பிலும் உழைப்போர் பலர், கால் பெருவிரல் வலியைப் பெரிதாகக் கருதுவதில்லை. "கல் இடித்திருக்கும், எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் சரியாகும்" என்று இருந்துவிடுகின்றனர். ஆனால் இவ்வலிக்குக் காரணங்கள் பல. ஒன்றுக்கு இதம் தருவது மற்றொன்றுக்குத் தீங்காகலாம். ஆகவே வலி எங்கே, எப்போது, எவ்வாறு தொடங்கியது என்பதை முதலில் கவனியுங்கள்.

நள்ளிரவில் திடீரென வரும் வலி

விரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் தாங்க இயலாத வலி எடுத்தால், அது 'கவுட்' எனப்படும் யூரிக் அமில மூட்டுவலியாக இருக்கலாம். இரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் மூட்டினுள் ஊசி போன்ற படிகங்களாகப் படிவதே காரணம். காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். நீவுதல் கூடாது. மது, ஈரல், குடல், மத்தி, நெத்திலி ஆகியவற்றைத் தவிருங்கள். பருப்பை அறவே நிறுத்தத் தேவையில்லை. வலி உள்ள நாளில் இரத்தப் பரிசோதனை இயல்பான அளவைக் காட்டக்கூடும். எனவே பின்னர் மீண்டும் பரிசோதிக்க வேண்டியிருக்கலாம். அலோபியூரினால் மாத்திரையை முன்பிருந்தே உட்கொள்பவர்கள், வலி வந்ததும் தாமாக நிறுத்தலாகாது.

நக ஓரத்தில் வலி

நகத்தை வளைத்து ஆழமாக வெட்டுவதாலும் இறுக்கமான காலணியாலும் நகம் சதைக்குள் வளரும். நகத்தை நேர்கோட்டில் வெட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, ஈரம் போகத் துடையுங்கள். சீழ் கட்டினால் நீங்களே கீறிவிட வேண்டாம்.

நடக்கும்போது வலி

மூட்டுத் தேய்மானத்தால் விரல் விறைத்து, மேல்நோக்கி மடக்க இயலாது போகலாம். சிலருக்கு அடிமூட்டு புடைத்து, விரல் பக்கவாட்டில் சாயும். முன்பக்கம் அகன்ற காலணி இவ்விரண்டிற்கும் உதவும்; விறைத்த விரலுக்கு அடிப்பாகம் எளிதில் வளையாத காலணி நல்லது. அடிபட்டபின் விரல் கோணினாலோ, காலூன்ற முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுப்பது அவசியம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

உங்களுக்கு வலியைவிட வலியின்மையே ஆபத்து. நரம்புகள் உணர்விழந்தால் முள் குத்தியதும் தெரியாது, சூடும் தெரியாது. ஆகவே வெந்நீரில் ஊறவைத்தல், பனிக்கட்டி வைத்தல், ஆணியைப் பிளேடால் சீவுதல், நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழம் செருகுதல் ஆகிய எதுவும் வேண்டாம். தோட்டத்திற்கும் காலணியுடனே செல்லுங்கள். காமாட்சியம்மன் கோயிலுக்கு வெயில் ஏறுமுன் சென்று வருவது நல்லது. இரவுதோறும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். பார்வை மங்கியோருக்கு வீட்டிலுள்ளோர் பார்த்துச் சொல்லலாம்.

தாமதிக்கக் கூடாதவை

காய்ச்சலுடன் மூட்டு வீக்கம், பரவும் சிவப்பு, விரல் கருத்தல் அல்லது குளிர்ந்துபோதல், நீரிழிவு உள்ளவரின் காலில் எந்தப் புண்ணாயினும் அன்றே மருத்துவரிடம் வாருங்கள். சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும் மருந்துக்கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கி உண்ணலாகாது. வரும்போது, தற்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் உடன் கொண்டு வாருங்கள். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில மாத்திரைகளும் யூரிக் அமிலத்தைக் கூட்டுவதுண்டு. அவற்றை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.