டஹிட்டி தீவும் எங்க கிணறும்

"டிவியில எல் நினோன்னு சொல்றாங்களே, இந்த வருசம் கிணறு ஊறுமாடா?" அப்பா கேட்டார். ராசிபுரத்துக் கிணத்துக்குப் பதில் தேடினால் பசிபிக் நடுவில் இருக்கும் டஹிட்டி தீவில் போய் நிற்கிறது.

நமக்கு வெயில் தொடங்கும் மாசியில் அங்கே கோடையின் கடைசி, மழை, புழுக்கம். அந்தத் தீவின் காற்றழுத்தத்தை ஆஸ்திரேலியாவின் டார்வினோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். டஹிட்டியில் குறைந்து டார்வினில் கூடி, மாசக்கணக்கில் அப்படியே நின்றால் எல் நினோவுக்கான அறிகுறி. இந்த ஊசலாட்டத்துக்குப் பெயர் வைத்தவர் கில்பர்ட் வாக்கர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைத் தலைவர். தேடியது என்னவோ நம்ம பருவமழையை முன்கூட்டியே சொல்ல ஒரு வழி!

'எல் நினோ வந்தா மழை போச்சு' என்பது தென்மேற்குப் பருவமழைக்குத்தான். அதுவும் எல்லா வருசமும் இல்லை. ஐப்பசி மழைக்குப் பெரும்பாலும் தலைகீழ். 2015-ல் பலமான எல் நினோ, சென்னை மூழ்கியது. 2016-ல் அது அடங்கியது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. எங்க பக்கம் ரெண்டு மழையும் வேணும், அதுதான் சிக்கல்.

"ஆடியை நம்ப வேண்டாம்ப்பா, ஐப்பசியில பாக்கலாம்" என்றேன். "அதுவரைக்கும் காட்டுக்குத் தண்ணி?" என்றார். அதுக்கு டஹிட்டியில் பதில் இல்லை.