வீட்டிலொரு பட்டறை – 9: பெயின்டைப் பார்க்காதீர்கள், உருளையைப் பாருங்கள்

மாரண்டஹள்ளியில் கொட்டகை போட்டுத் தச்சுப்பட்டறை தொடங்க நினைப்பவர், பழைய மெஷினுக்கு ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய்ப் பார்க்கலாம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபிறகு, தொழிற்சாலைகளை ஒட்டி பேக்கிங் பெட்டி அடிக்கும் பட்டறைகளும் அங்கே வளர்ந்தன. அவற்றில் ஒன்று மூடப்பட்டால் பிளேனரும் பேண்ட் சாவும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். எடைக்கு உடைபடுவதற்குள் நீங்கள் போய்ச் சேர வேண்டும்.

முதலில் பிளேனர். பேரிங், பெல்ட், மோட்டார், கத்தி எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். வார்ப்பிரும்பு மேசையில் விரிசல் இருந்தால் மாற்று வழி கிடையாது. புதுப் பெயின்ட் பளபளக்கும் மெஷினைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகிப்பேன், வெல்டிங் தழும்பை அது மறைத்துவிடும். சந்தேகமான இடத்தில் டீசலைத் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் கசிந்து கோடாகத் தெரியும். பிறகு நீளமான இரும்பு ஸ்கேலை கத்திக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு மேசைகளின் மேலும் நீளவாக்கில் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மேசை நுனி தொங்கியிருந்தால் பலகை ஒருநாளும் நேராக வராது.

அடுத்து, கத்தி பூட்டிய கட்டர் பிளாக். இதில் நான் பிடிவாதக்காரன். சதுரமாக இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அதை அப்படியே ஓட்டாதீர்கள். சதுரத்தில் கத்திக்கும் மேசைக்கும் நடுவே பெரிய பள்ளம் விழும். கை நழுவினால் விரலையே உள்ளே இழுத்துவிடும். உருளையில் அந்த இடைவெளி சிறியது, காயம் பட்டாலும் விரல் மிஞ்ச வாய்ப்பு அதிகம். கையால் தள்ளி இழைக்கும் பிளேனருக்கு உருளைதான் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் 1922லேயே சட்டம் போட்டுவிட்டது. உருளைக்கு மாற்ற ஆகும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

பேண்ட் சாவில் சக்கரம் ஆடாமல் சுற்றினால் போதும். ரப்பர் தேய்ந்திருந்தால் புதிதாக ஒட்டலாம்.

மோட்டார் பெரும்பாலும் 3 பேஸாக இருக்கும், வீட்டில் வருவதோ சிங்கிள் பேஸ். சிங்கிள் பேஸை 3 பேஸாக மாற்றித் தரும் விஎஃப்டி பெட்டி வைத்தால் ஓட்டலாம். ஆனால் சாதாரண விஎஃப்டி கொடுப்பது 230 வோல்ட் 3 பேஸ். 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டிய சிறிய மோட்டாரை டெல்டாவுக்கு மாற்றினால்தான் முழுச் சக்தி வரும். மோட்டார் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு முனைகள் இருந்தால் சுலபம். மூன்றுதான் என்றால், வைண்டிங் கடைக்காரர் மற்ற மூன்றையும் வெளியே எடுத்துத் தர வேண்டும்.

தோட்டத்துக் கிணற்றில் 3 பேஸ் லைன் இருக்கிறதே என்று தோன்றும். பம்புசெட்டுக்கென்று இலவசமாகக் கிடைக்கும் மின்சாரம் அது. அதில் பிளேனர் ஓட்டுவது சட்டப்படி குற்றம், இணைப்பே போய்விடும். குடிசைத் தொழிலுக்கென மின்வாரியத்தில் தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. கூலிக்கு வேலை எடுக்கும் எண்ணம் இருந்தால், மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதற்கு மனு கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)