பிரம்பும் கோலும்: பாலர் வகுப்பில் ஒழுங்கு

நம் திருச்சபைகள் நடத்தும் பாலர் பள்ளிகளிலும் ஓய்வுநாள் பாடசாலைகளிலும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் பலரை ஆசிரியை ஒருவரே நடத்த நேரிடுகிறது. ஒரு குழந்தை அடுத்த குழந்தையைக் கடிக்கிறது. மற்றொன்று பொம்மையைப் பிடுங்குகிறது. அவ்வேளையில் பிரம்பை எடுப்பது எளிது. அதற்கு ஆதாரமாக நீதிமொழிகள் 13:24 காட்டப்படுவதும் உண்டு. அவ்வசனத்தின் கருத்து இதுதானா?

அங்கே "பிரம்பு" என்று பெயர்க்கப்பட்டுள்ள எபிரெயச் சொல் "ஷேபெத்" என்பதாகும். சங்கீதம் 23:4இல் மேய்ப்பனுடைய "கோல்" என வருவதும் இச்சொல்லே. அங்கு அது அச்சுறுத்துவதில்லை, தேற்றுகிறது. லேவியராகமம் 27:32இல் மந்தையை எண்ணும் கோலும் இதுவே. தமிழில் இரு சொற்கள் கையாளப்பட்டமையால் இவ்வுறவு வாசகருக்குப் புலப்படாமற் போயிற்று. நீதிமொழிகள் 23:13 அடித்தலையே குறிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அந்நூல் வலியுறுத்தும் "மூசார்" என்பது கண்டிப்பு, போதனை, பயிற்சி ஆகிய மூன்றையும் அடக்கிய சொல். அது அந்நூலில் பெரும்பாலும் மகனை அருகழைத்துப் பேசும் பேச்சாகவே நிகழ்கிறது. எபேசியர் 6:4 இப்பயிற்சியைக் கட்டளையிடும்போதே பிள்ளைகளைக் கோபப்படுத்துதலைத் தடை செய்கிறது.

லுத்தரன் போதகர் ஒருவரின் மகனான பிரெடரிக் பிரோபெல், 1840இல் தம் பள்ளிக்குக் "கிண்டர்கார்ட்டன்", அதாவது குழந்தைகளின் தோட்டம், எனப் பெயரிட்டார். செடியை அடித்து வளர்க்கும் தோட்டக்காரன் இல்லை. அதற்கு வேண்டியதை அறிந்து அளிப்பவனே தோட்டக்காரன்.

அவ்வாறாயின் ஆசிரியை செய்யத்தக்கது யாது? முதலாவது, காரணத்தை அறிதல். கடிக்கும் குழந்தை பல வேளைகளில் சொல்லத் தெரியாத குழந்தை; அல்லது பசியும் உறக்கமும் மேலிட்ட குழந்தை. இரண்டாவது, குழந்தையின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து, செய்யவேண்டியதைச் சொல்லுதல். "ஓடாதே" என்பதினும் "மெல்ல நட" என்பது அதற்கு விளங்கும். மூன்றாவது, நாள்தோறும் ஒரே ஒழுங்கைப் பேணுதலும், விளையாட்டை முடிக்குமுன் அறிவித்தலும். நான்காவது, தவற்றைச் சீர்செய்யப் பழக்குதல். தண்ணீரைக் கொட்டிய குழந்தையின் கையில் துணியைக் கொடுத்து, தாமும் உடனிருந்து துடைக்கலாம். அடிபட்ட குழந்தையை முதலில் தேற்றி, அடித்த குழந்தைக்கு "எனக்குத் தா" என்று கேட்கக் கற்பிக்கலாம். இவை கண்டிப்பற்ற முறைகள் அல்ல; அடிக்க ஓங்கிய கையை ஆசிரியை உறுதியாகப் பிடித்து நிறுத்தவே வேண்டும். பிறர் முன் நாணச் செய்தலே தவிர்க்கத்தக்கது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் விலக்குகிறது. அச்சட்டம் 6 முதல் 14 வயதினரைக் குறித்தது. அவர்களுக்கே தகாதது அவர்களினும் இளையோருக்கு எங்ஙனம் தகும்?

சட்டத்தினும் பெரிய காரணம் ஒன்று நமக்குண்டு. "இயேசப்பா கண்ணைக் குத்துவார்" என்று அச்சுறுத்தப்படும் குழந்தை, ஒழுக்கத்தைக் கற்குமுன் தேவனைக் குறித்துத் தவறான பாடத்தைக் கற்றுவிடுகிறது. வேதபாடம் பின்னர் வருவது. ஆசிரியையின் முகமும் குரலும் கையுமே முதற் பாடம். மாற்கு 10:14இல் ஆண்டவர் விசனமடைந்தது குழந்தைகள்மீதன்று, அவர்களைத் தடுத்த சீஷர்கள்மீதே. அதன்பின் அவர் கைகள் செய்தது அணைத்தலும் ஆசீர்வதித்தலுமே. நம் வகுப்பறைகளில் நீளும் கை எத்தகையது என்பதைச் சபைகள் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளன.