பூட்டாத துப்பாக்கிக்கு யார் பொறுப்பு?

எதிரித் தரப்புக்காக வாதாடியே காலம் தள்ளும் குற்றவியல் வழக்கறிஞன் நான். பிள்ளை செய்த கொலைக்குப் பெற்றவர்களை உள்ளே தள்ளலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் முதலில் வாயில் வரும். அவரவர் செய்ததற்கு அவரவரே பொறுப்பு என்பது சட்டத்தின் அரிச்சுவடி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2024-ல் நடந்த இரண்டு விசாரணைகள் அந்த அரிச்சுவடியையே உரசிப் பார்த்தன.

அந்த மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயது மாணவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஏழு பேர் காயமடைந்தார்கள். பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. அரசு வழக்கறிஞர் கேரன் மெக்டொனால்டு அதோடு விடவில்லை. பெற்றோர் ஜேம்ஸ், ஜெனிஃபர் க்ரம்ப்ளி இருவர் மீதும் வழக்குப் போட்டார். நம் சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்கிறோமே, ஏறக்குறைய அந்தக் குற்றம்தான். அங்கே அதற்கு 15 ஆண்டுகள் வரை சிறை.

அரசுத் தரப்பு வாதம் எளிமையானது: ஆபத்து வருவது தெரிந்திருந்தது, தடுப்பதும் கையெட்டும் தூரத்தில் இருந்தது. சம்பவத்துக்கு நான்கு நாள் முன்பு அப்பா கைத்துப்பாக்கி வாங்கினார். மறுநாள் அம்மா மகனைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப்போனார். 29-ம் தேதி, வகுப்பில் செல்போனில் தோட்டா தேடுகிறான் என்று பள்ளி தகவல் சொன்னது. மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று சிரித்தபடி மகனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார் அம்மா.

30-ம் தேதி காலை, கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தம் வழியும் உடலும் வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியிருந்தான். பெற்றோர் வரவழைக்கப்பட்டார்கள். பேச்சு கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. வேலை இருக்கிறது என்று மகனைப் பள்ளியிலேயே விட்டுப் போனார்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பதை இருவருமே சொல்லவில்லை. பள்ளியிலும் யாரும் அவன் பையைத் திறந்து பார்க்கவில்லை. அன்று மதியமே சுட்டான்.

எதிரித் தரப்பு சும்மா இருக்கவில்லை. நடந்தபிறகு பார்த்தால் எல்லாமே அறிகுறிதான். பதின்வயதுப் பிள்ளையின் மனசு எந்தத் தாய்க்கு முழுசாகத் தெரியும் என்று கேட்டது. பள்ளி ஊழியர் யார் மீதும் குற்ற வழக்கு இல்லையே என்றும் கேட்கலாம். நான் நின்றிருந்தாலும் இதையெல்லாம்தான் பேசியிருப்பேன். ஆனால் ஜெனிஃபர் தானே கூண்டேறி, எதையும் மாற்றிச் செய்திருக்க மாட்டேன் என்றார். கட்சிக்காரர் வாயில் அப்படியொரு வார்த்தை வந்துவிட்டால் வக்கீலுக்கு வேலை இரட்டிப்பு.

ஜேம்ஸின் விசாரணையில், துப்பாக்கியோடு வந்த கம்பிப் பூட்டு உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது தெரியவந்தது. மெக்டொனால்டு ஜூரிகள் முன் துப்பாக்கியில் கம்பியை நுழைத்துப் பூட்டிக் காட்டினார். சில நொடி வேலை. அதற்குப் பதில் சொல்ல எந்த வக்கீலிடமும் வாதம் இருக்காது.

தாய் பிப்ரவரியிலும் தந்தை மார்ச்சிலும் குற்றவாளி எனத் தீர்ப்பானது. ஏப்ரல் 9 அன்று ஆளுக்கு 10 முதல் 15 ஆண்டுகள் சிறை. பிள்ளை நடத்திய பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்காக மரணம் விளைவித்த குற்றத்தில் அமெரிக்காவில் தண்டனை பெற்ற முதல் பெற்றோர் இவர்கள்தான்.

மோசமாக வளர்த்ததற்கான தண்டனை அல்ல இது. அப்படியானால் பாதி உலகம் சிறைக்குப் போக வேண்டும். ஆபத்தான பொருளைப் பிள்ளைக்கு எட்ட வைத்துவிட்டு, எச்சரிக்கை வந்தபிறகும் அசையாமல் இருந்ததற்கான தண்டனை. நம் மோட்டார் வாகனச் சட்டமும் இந்த வழியில்தான் நடக்கிறது: 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பிரிவு 199ஏ-யின்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். எனக்குத் தெரியாது என்றால், தெரியாது என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். பைக் சாவியை ஆணியில் மாட்டும்போது இதை நினைவில் வையுங்கள்.