மீட்டர் இல்லாத தண்ணீர்

விவசாயத்துக்கு இலவச மின்சாரம் சரியா தப்பா என்று பேச ஆரம்பித்தால் ஐந்து நிமிடத்தில் அது கட்சிச் சண்டையாகிவிடுகிறது. அதனால் இங்கே ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 அடி ஆழத்திலிருந்து மேலே ஏற்ற எவ்வளவு மின்சாரம் வேண்டும்? மோட்டாரும் குழாயும் சேர்ந்து பாதித் திறனில் ஓடுவதாக வைத்துக்கொண்டால், சுமார் 0.16 யூனிட். அதே தண்ணீர் 500 அடிக்கு இறங்கிவிட்டால் 0.8 யூனிட். செலவு ஐந்து மடங்கு, ஆனால் வயலுக்குப் பாய்வது அதே ஆயிரம் லிட்டர்தான். அதாவது, அரசு கூடுதலாகக் கொடுக்கும் மின்சாரம் விளைச்சலுக்குப் போகாமல் ஆழத்துக்கே போய்விடுகிறது.

இதை யாராவது அளக்கிறார்களா? தமிழ்நாட்டின் விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே கிடையாது. மோட்டாரின் குதிரைத்திறனை வைத்து ஒரு மதிப்பீடு போடுகிறார்கள், அவ்வளவுதான். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2017 கணக்குப்படி மாநிலத்தின் 1,166 பிர்க்காக்களில் 462 அதிநுகர்வுப் பகுதிகள். அங்கே வருடாவருடம் ஊறுவதைவிட உறிஞ்சுவது அதிகம்.

சரி, மீட்டர் வைத்துவிடலாமே? விவசாயி ஒத்துக்கொள்ள மாட்டார். அதற்குக் காரணமும் இருக்கு. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன்பிறகு நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் வந்தது. இன்றைக்கு மீட்டர் என்றால் நாளைக்கு பில் என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை.

கிணறுகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2003இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலேயே 2013இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். ஆக, 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தின் வழி வந்த எண்ணம்தான் இன்றும் ஓடுகிறது: என் நிலத்துக்கு அடியில் இருப்பது என் தண்ணீர்.

இதில் அடிபடுவது யார்? பக்கத்துத் தோட்டத்தில் 800 அடி போர் இறங்கியதும், 60 அடி கிணறு வைத்திருப்பவர் வெறும் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் மின்சாரம் இலவசம்தான், ஆனால் இறைக்கத் தண்ணீர் வேண்டுமே! கிணறே இல்லாத மானாவாரி விவசாயிக்கு இந்த மானியத்தில் ஒரு பைசா பங்கும் கிடையாது.

எனக்குத் தோன்றும் வழி இதுதான். தனித்தனி மோட்டாரைத் தொடாமல், விவசாய டிரான்ஸ்ஃபார்மர்களில் மட்டும் மீட்டர் வைக்கலாம். அதில் யாருக்கும் பில் போட முடியாது. அந்த யூனிட் கணக்கையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் பிர்க்கா வாரியாகப் பக்கத்துப் பக்கத்தில் வெளியிடட்டும். எந்த ஊரில் மின்சாரம் தண்ணீராகிறது, எந்த ஊரில் வெறும் ஆழமாகிறது என்று அந்த ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்ளலாம். இலவசம் தொடர வேண்டுமா என்ற சண்டையை அதற்கப்புறம் போடலாம்.