வாடகை வண்டியில் விபத்து நேர்ந்தால்: உறுப்பினர் அறிந்திருக்க வேண்டிய சட்ட வழிகள்

திருப்பாச்சூர் நெடுஞ்சாலை ஓரத்தில் காலை ஏழு மணிக்கு நிற்போர், நமது வட்டாரத்தின் பிழைப்பு முழுவதும் சக்கரங்களின்மேல் செல்லக் காணலாம். திருத்தணிப் பக்கத்திலிருந்து சேலைக் கட்டுகளுடன் நெசவாளர் வருகின்றனர். காய்கறி மூட்டைகளின்மேல் அமர்ந்து விவசாயிகள் சந்தைக்குச் செல்கின்றனர். காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் விரைகின்றனர். முன்னாளில் பேருந்துக்காகக் காத்திருந்தவர்கள், இன்று கைப்பேசியில் விரல் வைத்து ஓலா, ஊபர், ராபிடோ போன்ற நிறுவனங்களின் வழியே வண்டியை அழைக்கின்றனர். அல்லது ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொள்கின்றனர்.

வசதி பெருகியது நன்றே. ஆயின், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? ஓட்டுநர் உரிமையாளரைக் காட்டுகிறார்; உரிமையாளர் நிறுவனத்தைக் காட்டுகிறார்; நிறுவனமோ, “நாங்கள் இருவரையும் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே” என்கிறது. இம்மூவரின் நடுவே காலொடிந்தவர் கிடக்கிறார்.

சில காலத்துக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். கைப்பேசியில் அழைத்த ஆட்டோ கவிழ்ந்ததில் வலக் கணுக்கால் முறிந்து, தறியின் மிதியை அழுத்த இயலாதவராகிவிட்டார். வழக்குப் பதியவில்லை, ஆட்டோ உரிமையாளர் கொடுத்த சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு ஒரு தாளில் கையொப்பமிட்டிருந்தார். அவர் மாதம் எவ்வளவு ஈட்டினார் என்று பதிவேட்டைப் புரட்டினேன். கூலி முழுவதும் கணவர் பெயரில் இருந்தது. இருபது ஆண்டுகள் நெய்த அக்கைகளைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லை. அன்று தோன்றிய வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் உயிர், அடுத்து ஆவணம்

அடிபட்டவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். 108 ஊர்தியை அழைக்கலாம்; வழிப்போக்கரும் கொண்டு சேர்க்கலாம். நல்லெண்ணத்தோடு உதவுவோரைச் சட்டத் தொல்லையினின்று காக்கும் பிரிவு 134-அ, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கென ‘இன்னுயிர் காப்போம்’ என்னும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிற்று. 2025 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த திட்டம், குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, ரூ. 1,50,000 வரை கட்டணமின்றிச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. ஆகவே, கையில் பணமில்லையே என்று எவரும் தயங்க வேண்டா.

மருத்துவமனைச் சீட்டில் ‘சாலை விபத்து’ என்று எழுதச் செய்தல் வேண்டும். ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதிவிட்டால், பின்னர் எந்த வழக்கறிஞராலும் அதை மாற்றுதல் அரிது. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். கைப்பேசியில் அழைத்த வண்டியாயின், பயணச் சீட்டு, வண்டி எண், ஓட்டுநர் பெயர் ஆகியவை தோன்றும் திரையைப் படமெடுத்து, நம்பிக்கையான மற்றொருவரின் கைப்பேசிக்கும் அனுப்பிவைக்க வேண்டும். கைப்பேசி உடைந்தாலும் சான்று உடையாது.

எந்த மன்றத்துக்குச் செல்வது?

நுகர்வோர் மன்றத்துக்குச் செல்லலாமே என்று பலர் எண்ணுவர். நம் மாநிலத்துத் திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில், விபத்துக் காயத்துக்கும் மரணத்துக்கும் இழப்பீடு கோருவதற்குரிய இடம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமே என்றும், நுகர்வோர் மன்றமன்று என்றும் 1995இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மிகைக் கட்டணம் போன்ற பிற குறைகளுக்கு நுகர்வோர் மன்றம் உண்டு. உடற்காயத்துக்குத் தீர்ப்பாயமே வழி.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வாழும் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். சென்னையிலோ பெங்களூரிலோ அடிபட்ட திருப்பாச்சூர்க்காரர் அங்கெல்லாம் அலைய வேண்டியதில்லை. தம் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம்.

காலவரையறை முக்கியமானது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். காலம் கடந்துவிட்டவரும், வழக்கறிஞரை உசாவாமல் தாமாகவே கைவிட்டுவிடலாகாது.

இரு வழிகள்

முதல் வழி, தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலே பெறுவது. 164ஆம் பிரிவின்படி மரணத்துக்கு ரூ. 5,00,000, கொடுங்காயத்துக்கு ரூ. 2,50,000. இரண்டாம் வழி, 166ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பித்து முழு இழப்பையும் கோருவது. இதில் தொகைக்கு உச்ச வரம்பு இல்லை. முதல் வழியில் தரப்படும் தொகையை உரிய முறைப்படி ஏற்றுக்கொண்டால், இரண்டாம் வழியிற் செய்த மனு வீழ்ந்துபடும். எனவே, காப்பீட்டு நிறுவன அலுவலர் நீட்டும் தாளில் கையொப்பமிடுமுன் எது நமக்கு நன்மை என்று கணக்கிட்டறிதல் வேண்டும். மக்கள் நீதிமன்றச் சமரசத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே செலவில்லை, விரைவும் உண்டு. ஆனால் அத்தீர்ப்பின்மேல் முறையீடு இல்லை.

இடித்த வண்டி எதுவென்று தெரியாமற் போனால், 161ஆம் பிரிவின் கீழ் மரணத்துக்கு ரூ. 2,00,000, கொடுங்காயத்துக்கு ரூ. 50,000 பெறலாம்.

எவர்மீது கோருவது?

ஓட்டுநர், பதிவுபெற்ற உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் ஆகிய மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது பழைய வழக்கம். கைப்பேசி வண்டியாயின் அழைப்பு நிறுவனத்தையும் சேர்ப்பது நலம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தகைய நிறுவனங்களுக்குச் சட்டத்தில் முதன்முறையாக இலக்கணம் வகுத்து, 93ஆம் பிரிவின்படி உரிமம் பெற வேண்டுமென விதித்தது. 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், பயணிகளுக்குக் குறைந்தது ரூ. 5 லட்சம் காப்பீடு இருக்க வேண்டும் என்கின்றன. விபத்து இழப்பீட்டை நிறுவனமே தர வேண்டுமெனச் சட்டம் நேராகக் கூறவில்லை. ஆதலின், அனைவரையும் மன்றத்தின்முன் நிறுத்திப் பொறுப்பைப் பகுத்தளிக்கும் வேலையைத் தீர்ப்பாயத்திடம் விடுவதே அறிவுடைமை.

2025இல் ‘பாரத் டாக்ஸி’ என்னும் பெயரில் கூட்டுறவு முறையிலேயே இத்தொழிலை நடத்தப் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பதிவாயிற்று. நமக்கு அது மகிழ்ச்சியே. எனினும் வண்டி கூட்டுறவினுடையதாயினும் தனியாருடையதாயினும் அடிபட்டவரின் உரிமை ஒன்றே.

நாம் ஏறிய ஆட்டோவும் எதிரே வந்த லாரியும் மோதி, இரு ஓட்டுநர்மீதும் தவறிருப்பின் பயணி கலங்க வேண்டுவதில்லை. இருவருள் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் பெறலாமென 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஓட்டுநரிடம் இலகுரக வண்டி உரிமம் மட்டுமே உண்டு, வாடகை வண்டிக்குரிய தனி ஒப்புதல் இல்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்துவந்த வழியும், 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளைப் பொறுத்தவரை, 2024 நவம்பரில் அரசியலமைப்பு அமர்வின் தீர்ப்பால் அடைபட்டது.

ஏறுமுன் எண்ண வேண்டியவை

சில வண்டிகளில் ஏறும்போதே நம் உரிமை சுருங்கிவிடுகிறது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய வண்டியில், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு உரிய அளவிலேயே காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கும் என்பது 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அத்தொகையை அடிபட்ட அனைவரும் பங்கிட்டுக்கொள்ள நேரும். ஷேர் ஆட்டோவில் பத்தாவது ஆளாகத் தொங்கிச் செல்பவர், தம் உயிரோடு மற்றவர் பங்கையும் குறைக்கிறார்.

சுமை வண்டியைப் பற்றி விவசாயிகள் குறிப்பாக அறிதல் வேண்டும். தம் சரக்கோடு செல்லும் சரக்கின் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் காப்பீடு உண்டு. சரக்கின்றி, ‘சும்மா ஏறிக்கொள்’ என்று அழைக்கப்பட்டு ஏறியவருக்கு இல்லை. ஆகவே, கத்தரிக்காய் மூட்டையை ஏற்றிச் செல்வோர், வண்டி வாடகைச் சீட்டையும் சந்தைச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். அச்சிறு தாளே அவர் சரக்கோடு சென்றவர் என்பதற்குச் சாட்சி.

இருசக்கர வண்டியிலும் ஒரு நுட்பம் உண்டு. சட்டத்துக்கு வேண்டிய குறைந்த அளவு காப்பீடு மட்டும் இருப்பின், பின்னிருக்கையில் அமர்ந்தவருக்கு அது பயன்படாதென 2006இல் தீர்ப்பாகியுள்ளது. அப்போது உரிமையாளரின் கையிருப்பையே நம்ப வேண்டிவரும். முழுக் காப்பீடு உள்ள வண்டியா என்று கேட்டு ஏறுவது நாணத்துக்குரியதன்று.

தொகை எவ்வாறு கணிக்கப்படுகிறது?

2009, 2017ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் இதற்கு அளவுகோல் வகுத்துள்ளன. 38 வயதுள்ள நெசவாளர் ஒருவர் மாதம் ரூ. 12,000 ஈட்டுவதாகக் கொள்வோம். ஆண்டு வருமானம் ரூ. 1,44,000. நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலாளியாதலின், வருங்கால உயர்வுக்கென 40 விழுக்காடு கூட்டினால் ரூ. 2,01,600. அவ்வயதுக்குரிய பெருக்கெண் 15, ஆக ரூ. 30,24,000. உழைப்புத் திறனில் 30 விழுக்காடு குறைந்ததெனின் இழப்பு ரூ. 9,07,200. மருத்துவச் செலவும் வேதனைக்குரிய தொகையும் இதனின் வேறு.

உழைப்புத் திறன் என்பது மருத்துவர் சொல்லும் ஊன விழுக்காடன்று. கையிழந்த எழுத்தர் வேலையைத் தொடரலாம். கையிழந்த தச்சரோ ஓட்டுநரோ பிழைப்பையே இழக்கலாம் என 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று விளக்குகிறது. நெசவாளரின் கணுக்காலும் அவ்வாறே. மிதியழுத்தும் தொழில் இன்னதென்று நீதிபதிக்கு எடுத்துரைக்கச் சங்க அலுவலர் சாட்சி கூறலாம்.

இனி, மேற்கூறிய நெசவாளரின் வருமானத்துக்குச் சான்றில்லை, தீர்ப்பாயம் ரூ. 8,000 என்று தானே மதிப்பிட்டது என்று கொள்வோம். அதே கணக்கில் இழப்பு ரூ. 6,04,800 ஆகிவிடும். வேறுபாடு ரூ. 3,02,400. பதிவேட்டில் எழுதப்படாத வரியின் விலை அது.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆதலின், தறியில் அமர்பவர் எவரோ அவர் பெயரிலேயே கூலி எழுதப்படுதல் வேண்டும். பாவு ஓட்டுபவரும் தார் சுற்றுபவரும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். பால், காய்கறி வழங்குவோரின் கணக்குப் புத்தகம் உரியவர் கையில் இருக்க வேண்டும். தொகை அவர் வங்கிக் கணக்கிற் சேர வேண்டும். இல்லத்தரசியின் வேலைக்கும் பண மதிப்புண்டு என்று 2001, 2010, 2021ஆம் ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதும் உண்மையே. எனினும் எழுத்துச் சான்றுக்கு நிகரில்லை.

வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டா. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்கள், சிறுவர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும்.

முற்கூறிய அம்மையாரைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவைத்தேன். ஆறு மாதம் நிறைவதற்குப் பதினோரு நாட்களே எஞ்சியிருந்தன, மனுத் தாக்கலாயிற்று. தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் அச்சங்கத்தின் கூலிப் பதிவேட்டில் இன்று அவர் பெயரோடு, இன்னும் பதினான்கு பெண்களின் பெயர்களும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. உங்கள் சங்கத்தின் பதிவேட்டையும் இம்மாதப் பொதுக்குழுவிற் கேட்டு வாங்கி, உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.